பாதத்தின் பாரமும் செருப்பின் உள்தளமும்

உழவர்க்கு விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் கூறுகின்றோம். நெசவாளர்க்குத் தறியைப் பற்றியும், மீனவர்க்கு வலையைப் பற்றியும் கூறுகின்றோம். ஆனால் இவர்கள் யாவருக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு. அது இல்லாமல் ஏரும் ஓடாது, மூட்டையும் நகராது. அக்கருவிதான் பாதம். அதனைப் பேணும் முறை நம் கிராமங்களில் போதிய அளவு பேசப்படுவதில்லை. எனவே பாதத்துக்கும் பூமிக்கும் இடையே அமையும் ஒரு மெல்லிய தகட்டைப் பற்றி, அதாவது செருப்பின் உட்புறத்தில் பாதம் படியும் தளத்தைப் பற்றி, இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செருப்புத் தைப்போர் இதனை ‘இன்சோல்’ என்பர். நாம் இதனை உள்தளம் என்று வழங்குவோம். தரையைத் தொடும் கீழ்ப் பகுதியை அடித்தளம் என்போம். செருப்பு வாங்கும்போது நாம் பார்ப்பது வாரின் அழகும் அடித்தளத்தின் உறுதியுமே. உள்தளம் எப்பொருளால் ஆனது என்று கேட்பவர் சிலரே. நடையின் சௌகரியமும், சிலருக்குக் காலின் நலமும், பெரும்பாலும் அந்த உள்தளத்தைப் பொறுத்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சென்னையின் வடபகுதியில் யானைக்கவுனி என்னும் இடம் உண்டு. கவுனி என்பது கோட்டை மதிலின் வாயில். பழைய நகர மதிலும் வாயிலும் மறைந்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மதிலின் பேரால் அமைந்த வால்டாக்ஸ் சாலை இங்கேதான் செல்கின்றது. லாரி புக்கிங் அலுவலகங்களும் சரக்குக் கிடங்குகளும் நிறைந்த இப்பகுதியில் மூட்டை தூக்குவோரும் வண்டி இழுப்போரும் நாள் முழுவதும் கல்லிலும் தாரிலும் நடக்கின்றனர். இவர்களுள் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள் பலர். ரயில் பாதைக்கு மேற்கே சிறிது தூரத்தில், தோல் வாணிகத்துக்குப் பேர் பெற்ற பெரியமேடு இருக்கின்றது. செருப்புக்கு வேண்டிய பொருள்கள் அங்கே விற்கப்படுகின்றன. வடகிழக்கே ராயபுரம் இருக்கின்றது. பாதத்தைப் பற்றிய சிறந்த ஆய்வு ஒன்று அங்கே நடந்தது. பாரம் சுமக்கும் பாதம், செருப்புக்கான பொருள், பாதத்தை ஆராயும் மருத்துவம் ஆகிய மூன்றும் ஒரே சுற்றுவட்டத்தில் அமைந்திருப்பதால், யானைக்கவுனியை நம் பாடத்துக்கு உரிய இடமாகக் கொள்வோம்.

அழுத்தம் என்பது யாது?

பாரம் வேறு, அழுத்தம் வேறு. ஒரே பாரம் அகன்ற பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும். குறுகிய பரப்பில் குவிந்தால் மிகும். சாக்குத் தைக்கும் கோணி ஊசி எளிதில் உள்ளே இறங்குவதும், அதே விசையில் விரல் நுனி இறங்காமல் நிற்பதும் இக்காரணத்தினால்தான். பாரத்தைப் பரப்பினால் வகுத்தால் வருவது அழுத்தம்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு கால்களையும் ஊன்றி நிற்கின்றார். ஒவ்வொரு பாதத்திலும் 30 கிலோ இறங்குகின்றது. ஒரு பாதம் தரையில் படியும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் பாரம் விழுகின்றது. அவர் நடக்கும்போது நிலைமை மாறுகின்றது. ஒரு கால் மேலே எழும். மற்றைக் கால் முழு எடையையும் தாங்கும். குதிகால் மட்டும் ஊன்றும் கணத்திலும், முன்பாதத்தால் உந்தும் கணத்திலும் தொடும் பரப்பு மிகக் குறுகும். அப்பரப்பு 25 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.4 கிலோ விழும். நிற்கும்போது இருந்ததைக் காட்டிலும் இது எட்டு மடங்கு.

இனி அவர் தலையில் 50 கிலோ மூட்டை ஒன்றை ஏற்றுவோம். மொத்தம் 110 கிலோ. அதே 25 சதுர சென்டிமீட்டரில் அழுத்தம் 4.4 கிலோவாக உயர்கின்றது. நடையின் வேகத்தினால் உண்டாகும் அதிர்ச்சியைச் சேர்த்தால் இது இன்னும் சிறிது கூடும். நிமிடத்துக்கு 100 அடி வீதம் நடப்பவர் ஒரு மணி நேரத்தில் 6,000 அடி வைக்கின்றார். ஒவ்வொரு காலுக்கும் 3,000 முறை. நான்கு மணி நேரம் சுமை நடை நடந்தால், ஒரே இடத்தில் 12,000 முறை அழுத்தம் விழுகின்றது.

இப்போது அச்செருப்பின் உள்தளத்தை மாற்றுவோம். பாதத்தின் வடிவுக்கு ஏற்ப அமுங்கும் பொருள் ஒன்றை வைத்தால், குதிகாலைச் சுற்றியுள்ள பகுதிகளும் பாரத்தில் பங்கு கொள்ளும். தொடும் பரப்பு 25-லிருந்து 40 சதுர சென்டிமீட்டர் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதே 110 கிலோ சுமைக்கு அழுத்தம் 2.75 கிலோவாகக் குறைந்துவிடும். சுமை குறையவில்லை, கூலியும் குறையவில்லை, பாதம் படும் பாடு மட்டும் குறைந்தது. உள்தளத்தின் தத்துவம் முழுவதும் இக்கணக்கில் அடங்கும்.

இயற்கை அளித்த மெத்தை

மனிதனின் குதிகாலுக்கு அடியில் தடித்த கொழுப்பு மெத்தை ஒன்று உண்டு. அது வெறும் கொழுப்புத் திரள் அன்று. தேன்கூட்டின் அறைகளைப் போல உறுதியான நார்ச் சுவர்களால் பிரிக்கப்பட்ட சிறு அறைகளில் கொழுப்பு அடைபட்டிருக்கின்றது. அழுத்தம் விழும்போது அறைகள் அமுங்குகின்றன. கால் எழும்போது பழைய வடிவை அடைகின்றன. முன்பாதத்திலும், விரல்களின் அடிமேட்டில், இத்தகைய மெத்தை உண்டு.

வயது ஏற ஏற இம்மெத்தையின் மீளும் தன்மை குறைகின்றது. நீண்ட கால நீரிழிவிலும் இது கெடுகின்றது. விரல்கள் மடங்கி வளைந்துவிட்டால், முன்பாதத்து மெத்தை இடம் பெயர்ந்து, எலும்பு முனைகள் நேராகத் தரையை அழுத்தும். அவ்விடங்களில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். காய்ப்பு பாதத்துக்குக் கவசம் என்று பலர் எண்ணுகின்றனர். மிதமிஞ்சிய காய்ப்போ செருப்புக்குள் நிலையாகத் தங்கிவிட்ட சிறு கல்லைப் போன்றது. அது அழுத்தத்தைத் தன் கீழேயுள்ள சதையின் மேல் குவிக்கின்றது. அங்கே உள்ளுக்குள்ளேயே புண் உண்டாவதும் உண்டு.

உள்தளப் பொருள்களின் குணங்கள்

கடைகளில் காணப்படும் உள்தளப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோல் அட்டை: தோல் துணுக்குகளை அரைத்துப் பசையுடன் அழுத்திச் செய்யப்படுவது. விலை மலிவு; வடிவம் குலையாது. ஆனால் அமுங்குவதில்லை. எனவே எலும்பு முனைகளின் கீழ் அழுத்தம் குறைவதே இல்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் போன்ற ஈரமான இடங்களில் இது ஊறி உப்பும்; உலர்ந்தபின் சுருண்டு விறைக்கும்.

முழுத் தோல்: வியர்வையை உறிஞ்சும்; நாளடைவில் பாதத்தின் வடிவைப் பெறும். தோலுக்கு இதமானது. எனினும் மெத்தைக் குணம் குறைவு. மேற்பரப்பாக வைத்து, கீழே வேறொரு மெத்தைப் பொருளைச் சேர்த்தால் நன்று.

ஈ.வி.ஏ. நுரை: மிகவும் இலேசானது. இன்றைய விளையாட்டுக் காலணிகளிலும் மலிவான செருப்புகளிலும் பெரிதும் பயன்படுவது. இதன் அறைகள் மூடியவை, நீரை உறிஞ்சாது. பல கடினங்களில் கிடைக்கும். தொடர்ந்த அழுத்தத்தால் சில மாதங்களில் நிலையாகத் தட்டையாகிவிடுவது இதன் குறை.

பாலியூரிதேன் நுரை: அழுத்தத்தை நன்கு தாங்கி, நீண்ட நாள் மீண்டெழும் குணமுடையது. திறந்த அறைகளையுடைய வகைகள் வியர்வையையும் நீரையும் உறிஞ்சும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் வெம்மையும் ஈரக்காற்றும் சில வகைப் பாலியூரிதேனைச் சிதைக்கும். அலமாரியில் வைத்திருந்த காலணி ஒரு நாள் எடுத்து அணிந்ததும் பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் கண்டிருப்பர். அதற்கு இதுவே காரணம்.

நுண்ணறை ரப்பர்: எம்.சி.ஆர். என்று மருத்துவமனைகளில் வழங்குவது. ரப்பருக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய, ஒன்றோடொன்று கலவாத காற்றறைகள் அமையுமாறு வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்யப்படுவது. குதிகாலின் கொழுப்பு மெத்தையை ஓரளவு ஒத்தது. நீரை உறிஞ்சாது, கழுவித் துடைக்கலாம். அமுங்கும், ஆனால் முற்றும் தட்டையாகாது, விட்டவுடன் எழும். இக்குணங்களின் பயனைப் பின்னர்க் காண்போம்.

மிக மென்மையான பஞ்சு நுரை: கடையில் கால் வைத்தவுடன் மனத்தைக் கவர்வது இதுவே. விரலால் அழுத்தினால் வெண்ணெய் போல் இறங்கும். ஆனால் முழு எடையும் ஏறியவுடன் அடிவரை இறங்கிவிடுகின்றது. பிறகு பாதம் தங்குவது பஞ்சின் மேல் அன்று. கீழேயுள்ள கடினமான அடித்தளத்தின் மேல்தான். அது போலவே, மிகவும் மென்மையான தடித்த தளத்தில் நடப்பது மணலில் நடப்பதைப் போன்றது. கால் புதைவதால் ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் உழைப்பு வேண்டும். கணுக்காலும் நிலை தடுமாறும்.

ஆகவே மென்மை வேறு, பாரத்தைப் பகிரும் ஆற்றல் வேறு என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். கடையில் பத்து அடி நடந்து காணும் இன்பம், மூட்டையோடு பத்தாயிரம் அடி நடக்கும்போது நிலைப்பதில்லை. நல்ல உள்தளம் இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்டது. எலும்பு முனைக்கு இடம் கொடுக்குமளவு அமுங்க வேண்டும். அடி தொடாத அளவு எதிர்த்து நிற்கவும் வேண்டும்.

வேலூர் காட்டிய வழி

இந்த இடைப்பட்ட பொருளைத் தேடும் முயற்சியில் தமிழ்நாட்டுக்குப் பெருமைக்குரிய ஓர் இடம் உண்டு. 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா சாலை வரை ஓடியது. அத்திசையில் மேலும் சென்றால் காட்பாடியும் வேலூரும் வரும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் டாக்டர் பால் பிராண்ட் வந்து சேர்ந்தார். அவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர்.

அந்நாளில் தொழுநோயினால் கைகால்கள் தாமே அழுகி விழுகின்றன என்ற எண்ணம் பரவியிருந்தது. பிராண்டும் அவரைச் சேர்ந்தோரும் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கவனித்தனர். நரம்புகள் கெட்டு உணர்ச்சி அற்றுப் போவதால், வலி தெரியாமல் நேரும் காயங்களே பெரும்பாலான அழிவுக்குக் காரணம் என்பதை நிறுவினர். முள் தைத்தாலும், செருப்பின் ஆணி குத்தினாலும், நோயாளி நடந்துகொண்டே இருப்பார்.

இதில் ஆழமான உண்மை ஒன்று உண்டு. நல்ல பாதமுடையவர் நெடுந்தூரம் நடந்தால், தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கின்றார். குதிகால் நொந்தால் பாரத்தை ஓரத்துக்கு மாற்றுவார், ஓரம் நொந்தால் வேகத்தைக் குறைப்பார், பிறகு உட்கார்ந்துவிடுவார். வலி என்னும் காவலன் அவருக்கு ஆணையிடுகின்றான். மரத்துப்போன பாதமுடையவருக்கு அக்காவலன் இல்லை. அவர் ஒரே இடத்தை ஒரே விதமாக ஆயிரக்கணக்கான முறை அழுத்துகின்றார். ஒரு முறை தீங்கு செய்யாத அழுத்தம், இடைவிடாது திரும்பத் திரும்ப விழும்போது சதையைப் புண்ணாக்குகின்றது. வலி செய்யாத காவலைச் செருப்பின் உள்தளம் செய்ய வேண்டியதாகின்றது.

பலவகைப் பொருள்களை முயன்று பார்த்தபின், நுண்ணறை ரப்பர் உள்தளம் இப்பணிக்கு ஏற்றதாக நிலைபெற்றது. 1955-இல் வேலூருக்கு அருகில் கரிகிரியில் தோன்றிய ஷெஃப்லின் நிலையம் தொழுநோயாளிகளின் பாதப் பாதுகாப்பில் முன்னின்றது. மேலே மென்மையான நுண்ணறை ரப்பர், கீழே முள்ளும் ஆணியும் ஊடுருவாத கடினமான அடித்தளம், கணுக்காலைப் பற்றும் பின்வார் என்பதே இச்செருப்பின் அமைப்பு. ஆணிகள் அடிக்காமல் பசையாலும் தையலாலும் செய்தனர். அடித்தளத்துக்குப் பழைய டயரை வெட்டிப் பயன்படுத்திய இடங்களும் பல. நம் கிராமங்களில் டயர் செருப்பு புதியதன்று. அதன் மேல் தக்க உள்தளத்தைச் சேர்த்ததே இங்கு நிகழ்ந்த விஞ்ஞானம்.

நுண்ணறை ரப்பரின் கடினத்தை ‘ஷோர்’ என்னும் அளவையால் குறிப்பர். மரத்த பாதங்களுக்கு ஷோர் ஏ அளவையில் 15 முதல் 20 வரை உள்ள ரப்பர் தகுதியானதாகக் கொள்ளப்படுகின்றது. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் உணர்ச்சியற்ற பாதமுடையோர்க்கு இச்செருப்புகள் இலவசமாக வழங்கப்படுகின்றன.

ஆயினும் ஒரு தடை எழுந்தது. மருத்துவமனைச் செருப்பு என்று பார்த்தவுடன் தெரியும் தோற்றம் இருந்தால், அணிபவரின் நோயை அது ஊருக்கெல்லாம் அறிவிக்கும். எனவே செருப்பைப் பெற்றும் அதனை அணியாதோர் உண்டு. காலைக் காக்கும் பொருள் மானத்தைக் குலைத்தால் அது மூலையில்தான் கிடக்கும். இக்காலத்தில் இத்தகைய செருப்புகளை மற்றைய செருப்புகளைப் போன்ற வண்ணத்திலும் வடிவிலும் செய்ய முயல்வது இதனை உணர்ந்ததால்தான்.

ராயபுரத்தில் கண்ட உண்மை

தொழுநோய் குறைந்து வந்த காலத்தில் மற்றொரு நோய் பெருகியது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினர்க்கு இந்நோய் உண்டு என்பது அவ்வாய்வின் முடிவு. நீரிழிவும் நாளடைவில் பாதத்து நரம்புகளைக் கெடுக்கின்றது. வேலூரில் தொழுநோயாளிகளுக்காகக் கற்ற பாடம் இங்கே மீண்டும் தேவைப்பட்டது.

ராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் நிறுவிய மருத்துவமனை நீரிழிவு மருத்துவத்தில் பெயர் பெற்றது. அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் தோன்றியது. மருத்துவத்தையும் தோல் தொழிலையும் சேர்ந்த இவ்விரு நிலையங்களின் ஆய்வாளர்கள் ஒன்றுகூடி நடத்திய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று.

முன்னர்ப் பாதப் புண் வந்து ஆறிய நீரிழிவாளர் 241 பேர் அதில் பங்கு கொண்டனர். 100 பேர் நுண்ணறை ரப்பர் உள்தளமுள்ள செருப்பை அணிந்தனர். 59 பேர் பாலியூரிதேன் நுரை உள்தளத்தையும், 32 பேர் பாதத்தின் வடிவுக்கு வார்க்கப்பட்ட உள்தளத்தையும் அணிந்தனர். எஞ்சிய 50 பேர் தோல் அட்டை உள்தளமுள்ள தங்கள் வழக்கமான செருப்பையே அணிந்தனர். முதல் மூன்று வகையினரிடம் பாத அழுத்தம் குறைந்து காணப்பட்டது. நான்காம் வகையினரிடம் மிகுந்திருந்தது. தோல் அட்டைச் செருப்பு அணிந்தோருள் 33 விழுக்காட்டினர்க்குப் புதிய புண்கள் தோன்றின. மற்றையோரிடம் அது 4 விழுக்காடாகவே இருந்தது.

மூவரில் ஒருவர் எங்கே, இருபத்தைவரில் ஒருவர் எங்கே! ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாம் முடிந்துவிட்டதாகக் கூறலாகாது. செருப்போடு மருத்துவரின் அறிவுரையும், சர்க்கரைக் கட்டுப்பாடும், இரத்த ஓட்டமும் சேர்ந்தே பாதத்தைக் காக்கின்றன. எனினும் இவ்வாய்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. விலையுயர்ந்த வார்ப்பு உள்தளம் கிடைக்காதவரும் எளிய நுண்ணறை ரப்பரினால் பெரும் பயன் பெறலாம்.

பாதம் மரத்துள்ளதா என அறிதல்

மரத்த பாதம் தன் குறையைத் தானே சொல்லாது. நாமே தேடிக் கண்டறிய வேண்டும். மருத்துவமனைகளில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் ஊன்றிச் சோதிப்பர். அவ்விழை படுவது தெரியாவிட்டால், காக்கும் உணர்ச்சி குறைந்துவிட்டது என்பது பொருள்.

இழை இல்லாத இடத்தில் செய்யத்தக்க எளிய முறை ஒன்றும் உண்டு. சோதிக்கப்படுபவர் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். மற்றொருவர் அவருடைய இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆட்காட்டி விரலால் மெல்லத் தொட வேண்டும். தட்டவோ அழுத்தவோ கூடாது. ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால், அவர் தாமதியாது மருத்துவரைக் காண வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வரும்போது இதனைக் கேட்டு அறியலாம்.

செருப்பு அடிக்கடி காலிலிருந்து நழுவுவதும், அது நழுவியது தெரியாமலே நடந்து செல்வதும் மற்றோர் அடையாளம். வீட்டிலுள்ளோர் இதனைக் கண்டால் வேடிக்கையாகக் கருதிவிடலாகாது.

செருப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

செருப்பு வாங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டியவை வருமாறு:

1. மாலையில் வாங்குக. நாள் முழுவதும் நின்ற பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தியது மாலையில் இறுக்கும்.

2. தடித்த தாளில் பாதத்தை ஊன்றி நின்று, சுற்றிலும் கோடு வரைந்து வெட்டிக்கொள்க. அத்தாள் செருப்பின் உள்தளத்தில் மடங்காமல் படிய வேண்டும். பாதம் மரத்தோர் கால் உணர்வை நம்பாமல் இத்தாளையே நம்ப வேண்டும்.

3. கட்டைவிரலால் உள்தளத்தை அழுத்திப் பார்க்க. ஏறக்குறையப் பாதிக் கனம் அமுங்கி, விட்டவுடன் எழுந்தால் நன்று. அமுங்காவிட்டால் கடினம் மிகுதி. அடிவரை இறங்கினால் மென்மை மிகுதி.

4. பாதம் மரத்தோர்க்குப் பெருவிரல் வளையமும், விரலிடை வாரும் கூடா. பின்வாரும், வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தி இறுக்கும் பட்டையும் வேண்டும். உள்ளே ஆணி முனையோ தையல் முடிச்சோ நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது.

5. இறுக்கமான காலணிக்குள் கூடுதலாக ஓர் உள்தளத்தைச் செருகலாகாது. எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் இரும்பு முனைக் காலணி அணிவோர் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கீழே தளம் உயர்ந்தால் மேலே விரல்கள் இரும்போடு உராயும். பழைய உள்தளத்தை எடுத்துவிட்டே புதியதை இடுக.

6. புதிய செருப்பை முதல் நாளில் ஒரு மணி அளவே அணிந்து, கழற்றி, பாதத்தில் சிவந்த இடம் உண்டா என்று பார்க்க. நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுக.

7. உள்தளம் எண்ணெய் விளக்கின் திரி போன்றது. தேயும், மாற்ற வேண்டும். மேற்பரப்பு சிதையாமல் இருந்தாலும் குதிகால் குழிந்து தட்டையாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. நாள்தோறும் நெடுந்தூரம் நடப்போர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் சோதித்து மாற்றுவது நலம்.

இவற்றோடு நம் வழக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்குள் செருப்பு அணிவதில்லை என்பது நம் மரபு. அம்மரபைக் குலைக்காமலே, பாதம் மரத்தோர்க்கு வீட்டுக்குள் மட்டும் அணியும் தனிச் செருப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கோயில்களுக்கு அவர்கள் காலையிலோ மாலையிலோ செல்வது நல்லது. உச்சி வெயிலில் காய்ந்த கருங்கல் தளம், உணர்ச்சி இல்லாத பாதத்தில் கொப்புளம் எழுப்பிவிடும்.

திறந்த புண் உள்ளவர்க்கு எந்த உள்தளமும் மருந்தாகாது. புண், சிவப்பு, வீக்கம், துர்நாற்றம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

கிராமங்களில் செய்யத்தக்கவை

இவையனைத்தும் நகரத்துக்கே உரியவை அல்ல. ஒவ்வொரு வட்டாரத்திலும் செருப்புத் தைக்கும் கைவினைஞர் உண்டு. நுண்ணறை ரப்பர் தாளைப் பாதத்தின் வடிவுக்கு வெட்டவும், டயர் அடித்தளத்தோடு ஒட்டவும், விளிம்பைத் தேய்த்து ஒழுங்கு செய்யவும் அவர்களுடைய கைக்குத் திறமை முன்னரே உண்டு. இல்லாதது பொருளைப் பற்றிய செய்தியும், வாங்குவோரின் தேவையும்தான். ஊராட்சிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஒன்றுகூடினால், தாள்களை மொத்தமாக வாங்கிக் கைவினைஞர்க்கு அளிக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதம் சோதிக்கப்பட்டோர்க்கு அவர்கள் செருப்புச் செய்து தரலாம். நலிந்து வரும் ஒரு கைத்தொழிலுக்கும் இதனால் புத்துயிர் உண்டாகும்.

ஊரக வேலைத் திட்டப் பணியிடங்களில் மண் வெட்டும் கருவிகளைச் சரிபார்ப்பது போலவே, பணியாளர்களின் பாதங்களையும் செருப்புகளையும் மாதம் ஒரு முறை பார்க்கச் செய்யலாம். கிராம சபையில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஆறு விரல் தொடு சோதனையைச் செய்து காட்டலாம். பள்ளி மாணவர்கள் அதனைக் கற்றுக்கொண்டு தங்கள் வீட்டுப் பெரியோர்க்குச் செய்து பார்க்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

கால் இழந்த குடும்பத்தலைவனின் வீட்டில் இழப்பு காலோடு நிற்பதில்லை. கூலி நிற்கின்றது, கடன் ஏறுகின்றது, பிள்ளையின் படிப்பு தடைப்படுகின்றது. உள்தளத்தின் விலையோ அக்கூலியில் ஒரு சிறு பங்கு. நெல்லுக்கு வரப்பும் கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் தேவை என்பதை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாதத்துக்கு உள்தளமும் அத்தகைய காப்பே என்பதை அவர்கள் உணருமாறு எடுத்துரைப்பது, வளர்ச்சிப் பணியில் ஈடுபட்ட நம் அனைவரின் கடமையாகும்.